பாத்தி நடுவே சொன்ன பதில்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம். பெருமையாகச் சொல்லவில்லை, முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது என்று சொல்கிறேன். மரக்காணம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு மருந்துக்கடையில் பத்து வருஷமாக வேலை பார்க்கிறேன். டாக்டர் சீட்டு இல்லாமல் மாத்திரை கேட்டு வருகிறவர்கள், கவுன்ட்டரில் நான் இருந்தால் எதிரே டீக்கடையில் ஒதுங்கி, நான் எப்போது சாப்பிடப் போவேன் என்று பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அப்படிப்பட்ட நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை உப்புப் பாத்திக்கு நடுவில், ஒரு காலில் செருப்பும் ஒரு காலில் வெறுமையுமாக, முக்கால் மணி நேரம் அசையாமல் நின்றேன். அங்கே நின்று பார்த்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

அங்கே போனதற்குக் காரணம் இவர். இவர் முதன்முதலில் கடைக்கு வந்தது கண்ணுக்குச் சொட்டு மருந்து வாங்க. உப்பளத்தில் வேலை செய்கிறவர்களுக்கு வெயில் மேலேயிருந்தும் அடிக்கும், வெள்ளை உப்பில் பட்டுக் கீழேயிருந்தும் அடிக்கும். மூன்று வாரம் தொடர்ந்து அதே மருந்தைக் கேட்டதும் எனக்குப் பொறுக்கவில்லை.

"கறுப்புக் கண்ணாடி போட்டா இந்த மருந்தே வேணாமே. அதுல என்ன கஷ்டம் உங்களுக்கு?"

"அளத்துல கூலிங் கிளாஸ் போட்டுக்கினு நின்னா சிரிப்பாங்க மேடம்."

"கண்ணு போனா சிரிக்க மாட்டாங்க இல்ல?"

அடுத்த வாரம் ஈசிஆர் ரோட்டில் சுற்றுலா வருகிறவர்களுக்காகக் கடை போட்டிருந்தவரிடம் ஒரு கண்ணாடி வாங்கி, மருந்தோடு சேர்த்துக் கவரில் போட்டுக் கொடுத்தேன். எதற்காக அப்படிச் செய்தேன் என்று அன்று முழுக்க என்னையே திட்டிக்கொண்டேன். இவர் கவரைப் பிரித்துப் பார்த்தார், சட்டைப் பையில் வைத்துக்கொண்டார், "தேங்க்ஸ் மேடம்" என்று போய்விட்டார். அங்கே ஆரம்பித்தது. ஐந்து வருஷம் ஆன பிறகும் கேலி செய்ய வேண்டுமென்றால் மேடம் என்றுதான் கூப்பிடுவார். நான் இவரை 'நீங்க' என்பேன், கோபம் வந்தால் 'நீ'.

இவருக்கு அளத்தில் பன்னிரண்டு பாத்தி. அப்பா சீக்கிரம் போய்விட்டதால் குடும்பத்தைத் தூக்கி நிறுத்தி, கூடப் பிறந்தவர்களைக் கட்டிக்கொடுத்து முடிப்பதற்குள் இவருக்கு நாற்பது நெருங்கிவிட்டது. மூத்த அக்கா மட்டும் இவரோடு அளத்தில் வேலை செய்கிறார். எனக்கு அப்போது முப்பத்தாறு. ஏற்கெனவே ஒரு கல்யாணம் செய்து, அதிலிருந்து வெளியே வந்தவள்.

அந்தக் கல்யாணத்தைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் மற்றது புரியும். அவன் என்னை அடித்ததில்லை. ஒரு கெட்ட வார்த்தை சொன்னதில்லை. கோபம் வந்தால் பேச மாட்டான், அவ்வளவுதான். சாப்பாடு போட்டால் சாப்பிடுவான், டிவி பார்ப்பான், பக்கத்தில் படுத்துத் தூங்குவான். ஆனால் நான் அந்த வீட்டில் இருப்பதே தெரியாதது போல இருப்பான். ஒருமுறை நாற்பத்தோரு நாள். காலண்டரில் பென்சிலால் புள்ளி வைத்து எண்ணினேன். என்ன தப்பு செய்தேன் என்பது முப்பத்தெட்டாம் நாள் அவன் அம்மா மூலமாகத்தான் தெரிந்தது. நண்பர்கள் வீட்டுக்கு வந்தபோது, "இவருக்கு வண்டி ஓட்ட வராது, நான்தான் ஓட்டுவேன்" என்று சிரித்துவிட்டேனாம். நான்கு வருஷம் அப்படி இருந்தேன். பாத்திரம் வைக்கிற சத்தத்தை வைத்து அன்றைய நிலவரத்தைக் கணிக்கப் பழகியிருந்தேன். கடைசியில் இரண்டு பேரும் கோர்ட்டில் கையெழுத்துப் போட்டோம், நான் மருந்தாளுநர் வேலை தேடிக்கொண்டு இங்கே வந்தேன்.

அதனால்தான் இவரைப் பார்த்துப் பயந்தேன். இவரும் பேச்சுக் குறைவான ஆள். "தங்கமான மனுஷன், அதிர்ந்து பேச மாட்டாரு" என்று கடையில் எல்லோரும் சொன்னார்கள். அது நிஜம்தானா என்று நான் வேண்டுமென்றே சீண்டிப் பார்த்திருக்கிறேன். ஒருமுறை கோட்டக்குப்பத்தில் பிரியாணிக் கடை வாசலில், அரை மணி நேரம் தாமதமாக வந்ததற்காக நாலு பேர் பார்க்கத் திட்டித் தீர்த்தேன். இவர் தலையைச் சொறிந்துகொண்டு சிரித்தார், "பசியா இருக்கியா, வா" என்றார். வேறு யாராவது என்றால் நிம்மதிப்பட்டிருப்பார்கள். நான் வீட்டுக்கு வந்து விழித்துக்கொண்டு படுத்திருந்தேன். உள்ளே எங்கேயோ எல்லாவற்றையும் சேர்த்து வைக்கிறாரோ, தாலி ஏறிய மறுநாள் கதவைச் சாத்திக்கொள்வாரோ என்று யோசித்தேன். அமைதியில் இரண்டு வகை உண்டா, உண்டென்றால் கட்டிக்கொள்வதற்கு முன்பே அதைக் கண்டுபிடிக்க வழி உண்டா என்பதுதான் ஐந்து வருஷமாக என் தலையைக் குடைந்த கேள்வி.

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் கடை வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு இவர் கேட்டார்.

"அஞ்சு வருஷம் ஆயிடுச்சி. ரிஜிஸ்டர் ஆபீஸ்ல எழுதிக் குடுத்துடலாம். வேணாம்னா வேணாம்னு சொல்லிடு. நான் ஒன்னும் சொல்ல மாட்டேன்."

கடைசி வார்த்தை என் காதில் விழுந்ததுதான் தாமதம், எங்கிருந்துதான் அப்படி வந்ததோ.

"ஒன்னும் சொல்ல மாட்டியா? அதான் எனக்குப் பிரச்சனையே. போ, போய் உன் வேலையப் பாரு."

இவர் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டார். மறுநாள் போன் செய்தேன், ஸ்விட்ச் ஆஃப். மதியம் செய்தேன், சாயங்காலம் செய்தேன், ஸ்விட்ச் ஆஃப். ஞாயிற்றுக்கிழமை காலையிலும் அதே. ஆரம்பித்துவிட்டது என்று நினைத்தேன். இது இரண்டாம் நாள் என்று மனசு தானாக எண்ணியபோது எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. நாற்பத்தோராம் நாள் வரைக்கும் காத்திருக்க நான் பழைய ஆள் இல்லை. இன்றைக்கே நேரில் போய், வேண்டாம் என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டு வருவது என்று முடிவு செய்தேன்.

ஷேர் ஆட்டோவில் ஏறி அளத்துப் பக்கம் இறங்கினேன். பத்து வருஷமாக பஸ்ஸில் அந்த வழியாகப் போயிருக்கிறேன், ஒரு நாளும் இறங்கியதில்லை. மழைக்காலம் போய் வேலை தொடங்கி ஒரு மாதம் போல இருக்கும். துளிக் காற்று இல்லை. கண்ணுக்கு எட்டிய தூரம் வரை கட்டம் கட்டமாகத் தண்ணீர், அதில் வானம். தூரத்தில் மோட்டார் கொட்டகைப் பக்கம் இவர் நிற்பது தெரிந்தது. வரப்பு நேராகப் போகாமல் சுற்றிக்கொண்டு போனது. அவ்வளவு சுற்றினால் கோபம் ஆறிவிடும் போலிருந்தது. நேர் குறுக்கே ஒரு பாத்தி, கணுக்கால் அளவுகூட இல்லாத தண்ணீர். இறங்கிவிட்டேன்.

நான் நெல் விளைகிற ஊரில் விவசாயி வீட்டில் பிறந்தவள். உழுது தண்ணீர் விட்ட வயலில் குறுக்கே நடப்பது எங்களுக்குத் தெருவில் நடப்பது மாதிரி. காலை எடுத்ததும் சேறு தானே மூடிக்கொள்ளும், யார் நடந்தார்கள் என்று சாயங்காலம் கேட்டால் வயலுக்கே தெரியாது. உப்புப் பாத்தியும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டேன். பதினைந்து எட்டு எடுத்து வைத்திருப்பேன். தரை முதலில் கெட்டியாக இருந்தது, பிறகு என் பாரத்தில் பொத்துக்கொண்டது. வலது கால் செருப்பு உள்ளே மாட்டிக்கொண்டு வர மறுத்தது. திரும்பிப் பார்த்தேன். நான் வந்த வழியெல்லாம் கறுப்புக் குழி, ஒவ்வொன்றிலிருந்தும் சேறு புகை மாதிரி கிளம்பித் தண்ணீரில் பரவிக்கொண்டிருந்தது.

இவர் வரப்பில் ஓடி வந்தார். இவர் ஓடி நான் பார்த்ததே இல்லை.

"நில்லு. அங்கியே நில்லு. கால எடுக்காத."

நின்றேன்.

"பதினஞ்சு நாளு மிதிச்ச பாத்தி இது. இந்த வருஷத்துக்கு மொதப் பாத்தி. இன்னிக்குப் பூக்கும்னு விடியக்காலையிலேர்ந்து உக்காந்துக்கினு இருக்கேன். நீ பாட்டுக்குச் செருப்போட எறங்கி நடந்து வர்ற. இன்னா, ரோடா இது? வரப்புல நின்னு ஒரு கொரல் குடுத்தா வர மாட்டனா நானு? யாரையாவது கேக்கத் தோணுச்சா உனக்கு? ஒரு வருஷம் பூரா இந்தத் தரையில உப்பு வாரணும்."

குரல் உடைந்துபோய், கழுத்து நரம்பு புடைத்துக் கத்தினார். பக்கத்து அளத்தில் வேலை செய்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். வேண்டாம் என்று சொல்ல வந்த நான், செருப்பு மாட்டிய குழியையே பார்த்துக்கொண்டு நின்றேன். கோபித்துக்கொண்டு போகவும் முடியாது, போவதென்றால் இன்னும் பதினைந்து குழி விழும்.

பாத்தியை எப்படிச் செய்கிறார்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. மழைத் தண்ணீரை வடித்துவிட்டு, ஈரக் களிமண் தரையை நாலைந்து பேர் வரிசையாக நின்று குதிகாலால் மிதிக்க வேண்டும். அடிக்கு அடி இடைவெளி விடாமல், நாள் கணக்காக மிதித்தால்தான் தரை இறுகும். அதன்மேல் உப்புத் தண்ணீரைக் கட்டினால் உப்பு வெள்ளையாக இறங்கும். தரை உடைந்தால் சேறு கலந்துவிடும். அதனால் அளத்தில் யாரும் செருப்போடு பாத்தியில் இறங்க மாட்டார்கள், தலைவரப்பிலேயே கழற்றி விட்டுவிடுவார்கள்.

சத்தம் கேட்டு அக்கா வந்தார். நான் நிற்கும் கோலத்தைப் பார்த்து முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

"மெடிக்கல் கடைப் பொண்ணா அது? ஏம்மா, நடவு நட வந்துட்டியா?"

"மேல நடக்கப் போடற பலகைங்க எங்கக்கா?" என்றார் இவர்.

"அந்தக் கோடி அளத்துல கெடக்குது. நான் போய் எடுத்தாறேன். அதுவரைக்கும் நிக்கட்டும்." அக்கா சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார்.

இவர் வரப்பில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். பேச்சு நின்றது. எனக்குத் தெரிந்த அமைதி வந்துவிட்டது என்று நினைத்தேன். பழக்கதோஷம், கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். பத்து ஐம்பத்திரண்டு.

அப்போதுதான் இவர் முகத்தில் கறுப்புக் கண்ணாடி இருப்பதைக் கவனித்தேன். ஐந்து வருஷத்துக்கு முன் நான் கொடுத்ததேதான். அதன் ஒரு பக்கத்துக் கம்பி உடைந்துபோய், அங்கே மீன் வலை நூலைக் கட்டிக் காதில் மாட்டியிருந்தார். ஊருக்குள் ஒரு நாளும் போட்டுக்கொண்டு வந்ததில்லை. தூக்கிப் போட்டிருப்பார் என்றே நான் நினைத்திருந்தேன்.

எங்கே பார்ப்பது என்று தெரியாமல் எனக்கு முன்னால் இருந்த தண்ணீரைப் பார்த்தேன். கலங்கியதெல்லாம் எனக்குப் பின்னால்தான். முன்னால் பாதிப் பாத்தி தெளிவாக, ஒரு அசைவு இல்லாமல் கிடந்தது. அதன் மேல் ஒரு வெள்ளைப் புள்ளி இருந்தது. தூசி என்று நினைத்தேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதற்குப் பக்கத்தில் இன்னொன்று வந்தது. எங்கிருந்தும் விழவில்லை, அங்கேயே உண்டானது. குனிந்து பார்த்தேன். குட்டியாக, நாலு பக்கமும் அளந்து வெட்டியது போலச் சதுரமாக இருந்தது, நடுவில் கொஞ்சம் குழிந்து தண்ணீர் மேல் மிதந்தது. பிறகு நாலு, பத்து. பிறகு எண்ண முடியவில்லை. ஒன்றையொன்று தேடிப் போய் ஒட்டிக்கொண்டன. பால் ஆறும்போது ஆடை கட்டுமே, அது மாதிரி அந்தப் பாதிப் பாத்தி முழுவதும் வெள்ளை படர்ந்துகொண்டே வந்தது. ஒரு சத்தம் இல்லை. யாரும் எதையும் தொடவில்லை, கலக்கவில்லை, வெறும் தண்ணீரும் வெயிலும்தான். என் கணுக்காலைச் சுற்றிக்கூட மெல்லிசாக ஒரு வெள்ளைக் கோடு விழுந்தது.

மூச்சு விடவே பயமாக இருந்தது. பிறந்ததிலிருந்து மூன்று வேளையும் உப்புத் தின்கிறேன். இங்கிருந்து ஒரு ஷேர் ஆட்டோ தூரத்தில் பத்து வருஷமாக இருக்கிறேன். இவர் போனில் "இன்னிக்குப் பூத்துச்சி" என்று சொல்லும்போதெல்லாம் சும்மா ஒரு பேச்சு என்று ம் கொட்டியிருக்கிறேன். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, எதற்கென்று தெரியவில்லை.

"பூக்குது பாரு" என்றார் இவர்.

கத்திய குரலின் மிச்சம் ஒரு துளி அதில் இல்லை. கொஞ்சம் பொறுத்து மறுபடியும் பேசினார்.

"குதிகால்ல வெடிப்பு இருக்குதே உனக்கு. எரியுதா?"

கடிகாரத்தைப் பார்த்தேன். பத்து ஐம்பத்தொன்பது. ஏழு நிமிஷம்.

எரிந்தது. நெருப்பாக எரிந்தது. அதுவரை எனக்கே அது உறைக்கவில்லை.

"போன் ஏன் ஆஃப்ல இருக்குது?" என்றேன்.

"நேத்து விடியக்காலையில தண்ணி மாத்திக்கினு இருக்கும்போது பையிலேர்ந்து விழுந்துடுச்சி. உப்புத் தண்ணியில விழுந்தா அது பொழைக்குமா?"

"வந்து சொல்லியிருக்கலாம் இல்ல?"

"பாத்திய விட்டுட்டு எப்படி வர்றது? பூக்கறதப் பாத்துட்டு இன்னிக்கு சாயங்காலம் வரலாம்னு இருந்தேன். அதுக்குள்ள நீயே எறங்கிட்ட."

"என் மேல கோவம் போயிடுச்சா?"

இவருக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"அதான் கத்திட்டனே" என்றார்.

இவ்வளவுதான். இவருக்குக் கோபம் என்றால் கத்துவது, கத்தினால் முடிந்தது. அது முடிந்த பிறகு அதில் மிச்சம் வைத்துக்கொள்ள ஒன்றும் கிடையாது. நான் ஐந்து வருஷமாகத் தேடிய பதில் இவரிடம் சாதாரணமாக இருந்திருக்கிறது, தேடுவதற்கென்று அங்கே ஒன்றுமே இல்லை. அந்தத் தண்ணீரைப் பார்த்து எப்படி வியந்தேனோ அப்படியே இவரையும் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அஞ்சு வருஷமா ஏன் ஒரு தடவகூடக் கத்தல?"

"நீ திட்னதுல பாதி நியாயமாத்தான் இருந்துச்சி. மீதிக்கு எனக்குச் சிரிப்புதான் வந்துச்சி. பாத்தியில கை வச்சா சிரிப்பு வருமா?"

"எழுதிக் குடுத்துடலாம்" என்றேன்.

"எத?"

"ரிஜிஸ்டர் ஆபீஸ்லங்க. நீங்க கேட்டீங்களே, அத."

இவர் எழுந்தார். என்ன நினைத்தாரோ, விடியற்காலையிலிருந்து காவல் காத்த மனிதன், வரப்பிலிருந்து நேராகப் பாத்திக்குள் ஒரு காலை வைத்துவிட்டார். கணுக்கால் வரை உள்ளே போனது. குனிந்து காலைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"வேணாம், இருங்க. அங்கியே நில்லுங்க" என்றேன்.

அக்கா சைக்கிள் கேரியரில் பலகைகளோடு வந்து சேர்ந்தபோது, நான் நடுவிலும் இவர் ஓரத்தில் ஒரு கால் உள்ளே ஒரு கால் வெளியேயுமாக, இரண்டு பேரும் சிரித்துக்கொண்டு நின்றோம். "இதுங்க ரெண்டுக்கும் ஏதோ ஆயிடுச்சி" என்று அக்கா பலகைகளைத் தொப்பென்று போட்டார். அவற்றின் மேல் நடந்து நான் கடைசிப் பலகையில் கால் வைக்கும்போது கடற்காற்று இறங்கியது. தண்ணீர் ஒருமுறை சுருங்கியது, மேலே கட்டியிருந்த வெள்ளை முழுவதும் உடைந்து அப்படியே அடியில் அமர்ந்தது. அதையும் மூன்று பேரும் பேசாமல் நின்று பார்த்தோம்.

அந்தப் பாத்தி வீணாகித்தான் போனது. தண்ணீரைப் பக்கத்துப் பாத்திக்கு மாற்றி, தரையைக் கொஞ்சம் ஆறவிட்டு, மறுபடியும் மிதிக்க வேண்டியிருந்தது. நான்தானே கெடுத்தேன், நானும் மிதிக்கிறேன் என்று கடையில் காலை வேளைக்கு லீவு சொன்னேன். குதிகாலில் களிம்பு தடவித் துணி சுற்றிக்கொண்டு போனேன். அக்கா ஒரு ஓரம், நடுவில் நான், என் பக்கத்தில் இவர். இவர் கால் பதிந்த இடத்தை ஒட்டி என் கால் பதிய வேண்டும், என்னுடையதை ஒட்டி அக்காவுடையது. முதலில் வேகமாக மிதித்துத் திட்டு வாங்கினேன், நானும் திருப்பித் திட்டினேன். பிறகு கால் பழகிவிட்டது. என் குழிகள் ஒவ்வொன்றாக மறைந்தன.

மிதிக்கும்போது பேச முடியாது, கவனம் முழுக்கக் காலில்தான் இருக்க வேண்டும். இவர் பேசவில்லை, நானும் பேசவில்லை. வெயில் ஏறியதும் அக்கா தண்ணீர்க் குடத்தை எடுத்துக்கொண்டு வந்து, "ரெண்டு பேரும் எம்மாம் நேரமா வாயத் தொறக்கல?" என்று கேட்டார். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியவில்லை. கடிகாரத்தைக் கழற்றிச் செருப்போடு தலைவரப்பில் வைத்துவிட்டு வந்திருந்தேன்.